கடைமடைக்கு வந்து சேராத நரம்புகள்

கேள்வி: என் மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. இரண்டு நாள் கழிந்தும் வெளிக்குப் போகவில்லை. வயிறு ஊதி, பச்சையாக வாந்தி எடுத்தான். வெற்றிலைக் காம்பு வைத்ததும் பீய்ச்சி அடித்தது. மறுநாள் பழையபடி ஊதிவிட்டது. புதுச்சேரியில் சதை எடுத்துப் பார்த்து, ‘குடலின் கடைசியில் நரம்பு செல் இல்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும்’ என்கிறார்கள். ஐந்தாம் மாதம் கிரகணத்தன்று மகள் வாசலுக்கு வந்ததும், நண்டு தின்றதும்தான் காரணம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு. அடுத்த குழந்தைக்கும் வருமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, அந்தப் பேச்சை முதலில் நிறுத்துவோம். உங்கள் மகள் பச்சை உடம்புக்காரி, அவர் காதில் இது விழுந்துகொண்டே இருக்கக் கூடாது. பேரனுக்கு வந்திருப்பது ‘ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்’. அவன் குடலில் நடந்தது ஐந்தாம் மாத விஷயமே இல்லை. நாள் தள்ளிப்போன ஐந்து வாரத்துக்குள், மசக்கை நேரத்திலேயே நடந்து முடிந்தது. நண்டுக்கும் கிரகணத்துக்கும் இதில் வேலையே இல்லை.

குடலுக்கென்றே 10 கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை குடலில் பிறந்தவை அல்ல, வந்து குடியேறியவை. கருவின் முதுகில், பின்னால் தண்டுவடமாகப் போகிற குழாயின் விளிம்பிலிருந்து ‘நியூரல் கிரெஸ்ட்’ செல்கள் பிரிகின்றன. கழுத்துப் பக்கத்துச் செல்கள் கரு உண்டான 4ஆவது வாரத்தில் குடலின் மேல்முனைக்குள் நுழைந்து, 7ஆவது வாரத்தில் (நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணினால் ஐந்து வாரம்) ஆசனவாய் வரை போய்ச் சேர வேண்டும். கோழிக் கருவில் அந்தக் கழுத்துப் பகுதியை எடுத்துவிட்டால் குடலில் நரம்பு உண்டாவதில்லை என்று 1954லேயே காட்டிவிட்டார்கள்.

வீராணத்துப் பாசனத்தில் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்களுக்குக் கடைமடைப் பாடு தெரிந்திருக்கும். தலைமடையில் தண்ணீர் குறைந்தால் காய்வது கடைமடைதான். இங்கே இன்னொரு சிக்கல், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலும் நீண்டுகொண்டே போகிறது! அதனால் இந்தச் செல்கள் வழிநெடுகப் பெருகிக்கொண்டே நடக்க வேண்டும். ‘வா, பெருகு’ என்று குடல்சுவர் ஒரு புரதத்தைச் சுரந்து கூப்பிடும். அதைக் கேட்கிற காது, செல்லின் மேலிருக்கும் ‘ரெட்’ என்ற ஏற்பி. அதற்கான மரபணுவில் பிசகு இருந்தால் கூட்டம் சிறுத்து, பாதியில் நின்றுவிடும். வேறு சில மரபணுக்களாலும் இது வரலாம்.

நரம்பு வராத துண்டு தளரத் தெரியாமல் இறுகியே கிடக்கும். மலமும் காற்றும் அதற்கு மேலே தேங்கி, நல்ல குடல்தான் வீங்கும். பார்வைக்கு நோயாளியாகத் தெரிவது நல்ல குடல், ஒழுங்காகத் தெரிவதுதான் நோயுள்ளது. 1886இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங்கே வீங்கிய பகுதியைத்தான் சந்தேகப்பட்டார். இறுகிய துண்டை எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவை 1948இல்தான் வந்தது. உங்கள் பேரனுக்குச் சொல்லியிருப்பதும் அதன் வழிவந்ததே. நம்பிச் செய்யுங்கள்.

சுமார் 5000 பிரசவத்தில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம். பிறந்த குழந்தை முதல் நாளிலேயே, அதிகம் போனால் இரண்டாம் நாளுக்குள், காட்டுப்பீ போயாக வேண்டும். வெற்றிலைக் காம்புக்குப் பீய்ச்சி அடித்தது குணமான அடையாளமல்ல, இந்த நோயின் அடையாளம். இனி காம்பு, சோப்புத் துண்டு எதுவும் வேண்டாம். அறுவைவரை குடல் கழுவச் சொன்னால், அவர்கள் தரும் சலைனில் மட்டும் கழுவுங்கள். வெறும் தண்ணீர் ஆபத்து. அறுவைக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, காய்ச்சலோடு வயிறு ஊதி, நாற்றமடிக்கும் பேதி போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது குடல் அழற்சி, உயிருக்கே ஆபத்து.

அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலும் நல்லபடியாகவே பிறக்கும். நரம்பில்லாத துண்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு அந்த வாய்ப்பும் கூடும். கர்ப்பகால ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. ஆகவே எடுத்த குடலின் நீளம் எழுதிய பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கர்ப்பத்தில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.