‘ஏலியன்’ படத்தில் வரும் நாஸ்ட்ரோமோ சரக்கு விண்கலம் ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது? வடிவமைத்தவர்களுக்கு ரசனையே இல்லையா?

நீங்கள் கல்லூரியில் படிக்கிறவர், படத்தை அண்மையில்தான் கைப்பேசியில் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். துறைமுகத்துக்குள் ஒரு நாள் போய் நின்றிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘அசிங்கம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஆறாத புண் ஒன்றில் கை பட்டுவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். நாஸ்ட்ரோமோ சரக்குக் கப்பலே அல்ல, அது ஒரு டக். பெரிய கப்பலுக்குக் கயிறு போட்டு இழுத்தும் முட்டித் தள்ளியும் துறையில் அணைக்கிற சின்னக் கப்பலை நாங்கள் டக் என்றுதான் சொல்வோம். 1979இல் வந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே திரையில் எழுத்தாக வருகிறது: வணிக இழுவை ஊர்தி, ஆட்கள் ஏழு பேர், சரக்கு ஒரு சுத்திகரிப்பு ஆலையும் இரண்டு கோடி டன் கனிமத் தாதுவும். கோபுரம் கோபுரமாக நிற்கிறதே, அது ஆலை. நீங்கள் கப்பல் என்று நினைத்ததில் பெரும்பகுதி சரக்குதான். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற துக்கடாதான் நாஸ்ட்ரோமோ.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்துக்காகப் பதினோரு ஆண்டுகள் டாலி எழுதியவன் நான். கன்டெய்னர் எண், சீல் எண், எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. அத்தனை ஆண்டுகளில் அழகான டக் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. சுற்றிலும் டயர் தொங்கும், முகப்பு தேய்ந்திருக்கும், துருவின் மேல் பெயின்ட், பெயின்டின் மேல் துரு. ஆனால் இருநூறு மீட்டர் கப்பல் அதன் தயவில்தான் உள்ளே வந்து சேர்கிறது.

இனி என் கதை. மகன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அவன் ராக்கெட் கேட்டான். நான் நாஸ்ட்ரோமோ செய்வோம் என்றேன். உடம்புக்குத் தெர்மாகோல். அதன் மேல் ஒட்ட ரிச்சி தெருவில் பழைய சர்க்யூட் பலகைகளை எடைக்கு வாங்கி வந்தோம். பற்பசை மூடிகள் இஞ்சின் குழல்கள் ஆயின, தீர்ந்துபோன ரீஃபில்கள் குழாய்கள் ஆயின. ராயபுரம் வீட்டுத் திண்ணையில் மூன்று இரவு உட்கார்ந்தோம். முதலில் மஞ்சள் அடித்தோம். பிறகுதான் படித்தேன், படத்துக்காகச் செய்த மாதிரியும் முதலில் மஞ்சளாகத்தான் இருந்ததாம். இயக்குநர் ரிட்லி ஸ்காட் அதைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு ஒரே பெருமை. நாங்களும் சாம்பல் அடித்து, பழுப்பு ஷூ பாலிஷைத் துணியில் தொட்டு விளிம்புகளில் மட்டும் தேய்த்தோம். அசல் துரு தோற்றது.

பார்வையிட வந்த ஆசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: “என்ன தம்பி, குப்பை மாதிரி இருக்கிறதே? ராக்கெட் என்றால் வெள்ளையாக, கூராக இருக்க வேண்டாமா?” காற்றில்லாத இடத்தில் ஓடுகிற வண்டிக்குக் கூர்மூக்கு எதற்கு என்று பையன் திருப்பிக் கேட்டான். சரியான கேள்வி. முதல் பரிசு சமையல் சோடா எரிமலைக்குப் போனது. அந்த ஆசிரியையைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அன்றைக்கு நாற்பது மேசை பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் வலித்தது.

நாஸ்ட்ரோமோ ஒரு கோளில் இறங்குகிறதே, அங்கே காற்று உண்டே என்று யாராவது வருவார்கள். இறங்குகிறது, மறுக்கவில்லை. ஆலையை மேலே சுற்றவிட்டு, தான் மட்டும் கழன்று இறங்குகிறது. இறங்கும்போது அடிபட்டுப் பழுதும் ஆகிறது. ஆலை வேறு, டக் வேறு என்று நான் சொன்னதற்கு அதுவே சாட்சி. நான் பொறியாளன் அல்லன், இருந்தாலும் இழுக்கிறதையும் இழுபடுகிறதையும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

ரசனை இல்லையா என்று கேட்டீர்கள். வரைந்தவர்களில் முக்கியமானவர் ரான் காப். அரசியல் கேலிச்சித்திரக்காரராக இருந்தவர். ஒவ்வோர் எந்திரமும் உண்மையிலேயே ஓடக்கூடியதுபோல் தெரிய வேண்டும் என்று வரைந்தவர். கலத்தின் கதவுகளுக்கும் சுவர்களுக்கும் தனியாக ஒரு குறியீட்டு வரிசையே போட்டுக் கொடுத்தார்: இங்கே காற்றழுத்தம் உண்டு, இங்கே குளிர்பதனம் என்று படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். ஆபத்தான சரக்கு ஏற்றிய கன்டெய்னரில் சாய்சதுர ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, தீப்பிடிக்கும் திரவம் என்றால் சிவப்பில் தீச்சுடர், அதே யோசனைதான். எந்த மொழிக்காரன் சுமை இறக்கினாலும் புரிய வேண்டும். உட்புறத்தை அறை அறையாகப் பிரிக்காமல் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினார்கள். நடிகர்கள் நிஜமாகவே தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்தார்கள். சுவர்களில் ஒட்டியிருப்பதெல்லாம் பழைய விமானங்களின் கழிவுப் பாகங்கள். அவர்களுக்கும் ஒரு ரிச்சி தெரு இருந்திருக்கிறது!

இனிப் பெயர். திரைக்கதையில் முதலில் ஸ்நார்க், பிறகு லெவையதன், கடைசியில்தான் நாஸ்ட்ரோமோ. ஜோசஃப் கான்ராட் 1904இல் வெளியிட்ட நாவலின் பெயர் அது. அதன் நாயகன் யார் தெரியுமா? துறைமுகச் சுமையாட்களின் மேஸ்திரி. படத்தில் தப்பிச் செல்ல ஒரு சின்னக் கலம் இருக்கிறதே, அதன் பெயர் நார்சிஸஸ். அதுவும் கான்ராடின் இன்னொரு நாவல் தலைப்பில் வருகிற கப்பல்தான். அந்தக் கப்பலில் அவரே வேலை பார்த்திருக்கிறார். அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் நம் ஊர். 1884 ஏப்ரலில் ரிவர்ஸ்டேல் என்ற கப்பலில் இரண்டாம் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழே வேலை பார்க்கிற அதிகாரிகளில் ஒருவராக, சென்னைக்கு வந்தார். கேப்டனுக்கு உடல்நலமில்லை என்று மருத்துவரை அழைக்கப் போன இடத்தில், கேப்டன் குடித்திருக்கிறார் என்று கான்ராட் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. சான்றிதழில் திறமைக்கு ‘மிக நன்று’. நடத்தைக்கு நேராக ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற பொருளில் ஒரே சொல். இங்கிருந்து ரயிலேறிப் பம்பாய் போய்த்தான் நார்சிஸஸில் சேர்ந்தார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்டெய்னரில் சீல் எண் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை. கண்ணால் பார்த்த எண்ணை டாலியில் எழுதினேன். காகிதத்தில் இருப்பதுபோல் மாற்றி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். மூன்று மாதத்தில் நானே விலகும்படி செய்துவிட்டார்கள். கொடுத்த அனுபவக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி. நடத்தை பற்றி எல்லாருக்கும் எழுதுகிற ஒரு வரி எனக்கு மட்டும் இல்லை. போன இடமெல்லாம் அந்த வரியைத்தான் கேட்டார்கள். எட்டு மாதம் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு கிடங்கில் சேர்ந்தேன். நாஸ்ட்ரோமோவின் இஞ்சின் அறையில் இரண்டு பேர் தங்களுக்கு மட்டும் போனஸ் பங்கு பாதி என்று முணுமுணுப்பார்களே, அந்தக் காட்சியில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

கண்காட்சிக்குச் செய்த அந்த மாதிரி இன்னும் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதமும் அதே அட்டைப்பெட்டியில்தான். போன மாதம் இறக்கிப் பார்த்தேன். துரு அப்படியே இருக்கிறது. நார்சிஸஸ் மட்டும் பசை விட்டு எங்கோ விழுந்துவிட்டது. பரண் முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.