டென்ரிக்யோ: உடம்பு இரவல், மனசு மட்டும் சொந்தம்

ஜப்பானில் நாரா அருகே டென்ரி என்ற ஊர் இருக்கிறது. டென்ரிக்யோ என்ற மதத்தின் பெயரையே 1954-இல் தன் பெயராக வைத்துக்கொண்ட நகரம். அங்கே சில காலம் இருந்தவள் என்பதால் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, ஒரு கிராமத்துக் குடும்பப் பெண் எப்படி மதம் தொடங்கினார்?

மகனுடைய கால்வலியில் தொடங்கியது தம்பி. நகயாமா மிகி 1798-இல் பிறந்தவர், வசதியான விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். மூத்த மகன் ஷூஜிக்குக் காலில் தீராத வலி. மந்திரிப்பதற்கு ஒரு மலைத்துறவியை வரவழைப்பார்கள். சாமி இறங்குவதற்கு ஒரு பெண் உட்கார வேண்டும். 1838-இல் ஒருநாள், வழக்கமாக உட்காரும் பெண் கிடைக்கவில்லை. மிகியே உட்கார்ந்தார். அவர் வாய்வழியே வந்த குரல், தான்தான் மூலக் கடவுள் என்றது. மிகியைத் தனக்குக் கோயிலாகத் தரச் சொன்னது. கணவர் மறுத்தார். பிள்ளைகள் சிறுசுகள், வீட்டை யார் பார்ப்பது? மூன்று நாள் இழுபறிக்குப் பிறகுதான் சம்மதித்தார்.

அப்புறம் மிகி வீட்டில் இருந்ததையெல்லாம் இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். கடைசியில் வீட்டையே பிரித்து விற்கும்படி ஆனது. உறவும் ஊரும் விலகின. கூட்டம் வரத் தொடங்கியது பிரசவத்தால். வயிற்றில் துணி கட்ட வேண்டாம், பத்தியம் வேண்டாம் என்று சொல்லிக் கர்ப்பிணிகளின் பயத்தைப் போக்கினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அடிப்படைக் கொள்கை என்ன?

உடம்பு கடவுளிடம் இரவல் வாங்கியது, மனசு மட்டுமே நம்முடையது. அந்த மனசில் தூசு படிகிறது. கஞ்சத்தனம், பேராசை, வெறுப்பு, தன்னலப் பாசம், வன்மம், கோபம், பிறர் பொருள்மீது ஆசை, ஆணவம் என எட்டு வகைத் தூசு. பாவம் என்று சொல்லாமல் தூசு என்கிறார்கள் பாருங்கள். தூசு யார் வீட்டிலும் படியும், துடைத்தால் போய்விடும். துடைத்துவிட்டு எல்லோரும் மகிழ்ச்சியாக வாழ்வதுதான் மனிதனைப் படைத்ததன் நோக்கம் என்பது அவர்கள் நம்பிக்கை.

தினசரி வழிபாடு எப்படி இருக்கும்?

தலைமைக் கோயிலில் சிலை கிடையாது. மனித இனம் படைக்கப்பட்ட இடம் என்று அவர்கள் நம்பும் ஜிபாவில் கன்ரோதாய் என்ற அறுகோணத் தூண் நிற்கிறது. அதற்கு நேர் மேலே கூரை வானத்துக்குத் திறந்திருக்கும். நான்கு பக்கமும் தாதாமிப் பாய் விரித்த மண்டபங்கள். நான்கு முறை கை தட்டி வணங்கி, பாட்டுக்கேற்பக் கை அசைத்து வேண்டுவார்கள்.

என் மனசில் நிற்பது கோயிலின் நடைபாதைதான். ஒரு குளிர்காலக் காலையில் போனேன். கறுப்பு மேலங்கி போட்ட ஒரு பாட்டி, முட்டி போட்டுத் துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டே நகர்ந்தார். பலகை ஏற்கனவே கண்ணாடிபோலப் பளபளத்தது. அவர் வாயில் மெல்லிய பாட்டு. இரவல் உடம்புக்கு நன்றி சொல்லும் இந்தச் சேவைக்கு ஹினோகிஷின் என்று பெயர்.

அரசாங்கம் மிகியைச் சிறையில் வைத்தது உண்மையா?

உண்மை. அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டுகிறார் என்று பதினேழு, பதினெட்டு தடவை பிடித்தார்கள். 1882-இல், கட்டிக்கொண்டிருந்த கன்ரோதாயின் கற்களையும் போலீஸ் எடுத்துப் போனது. கடைசிக் காவல் 1886-இல், கடும் குளிரில். அடுத்த ஆண்டு அவர் படுத்த படுக்கையானபோது, வழிபாட்டை நடத்துங்கள் என்று சீடர்களை வற்புறுத்தினார். போலீசுக்குப் பயந்து தயங்கியவர்கள், கடைசியில் கைதானாலும் பரவாயில்லை என்று நடத்தினார்கள். வழிபாடு முடிந்த வேளையில் அவர் மூச்சும் அடங்கியது என்கிறார்கள். ஆனால் அவர் இறக்கவில்லை, உருவம் மறைந்து அங்கேயே வாழ்கிறார் என்பது நம்பிக்கை. இன்றும் அவருக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு வைக்கிறார்கள், குளிக்க வெந்நீரும் தயார் செய்கிறார்கள்.

இது ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவா?

1908-இல் ஷிந்தோவின் ஒரு பிரிவாகத்தான் அங்கீகாரம் கிடைத்தது. பிழைக்க அதுதான் வழி. 1970-இல் ஷிந்தோ பிரிவுகளின் கூட்டமைப்பிலிருந்து விலகிவிட்டார்கள்.

நோய்க்கு மருந்து சாப்பிடமாட்டார்களாமே?

தவறான தகவல். 1966-இல் அவர்களே பெரிய மருத்துவமனை கட்டியிருக்கிறார்கள். டாக்டரும் பார்ப்பார், நோயாளிக்காகப் பிரார்த்தனையும் நடக்கும்.

மதம் மாறாதவர்கள் உள்ளே போகலாமா அக்கா?

தாராளமாக. இரவும் பகலும் திறந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து நீளமான கடைத்தெரு வழியே நடந்தால் கோயில் வந்துவிடும். ‘வீடு திரும்பியவரே, வருக’ என்று வரவேற்பார்கள். முதல் தடவை வருகிறவருக்கும் அதே வார்த்தைதான். மனிதர் எல்லோருக்கும் பிறந்த வீடு அது என்பது அவர்கள் கணக்கு.