சுவிட்சை அடைத்து (ஆஃப் செய்து) வைத்த எம்ப் மின்னலில் எப்படிக் கருகியது? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முப்பது வருஷமாக எம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), ரேடியோ பழுது பார்க்கிறேன். சாயங்கால இடிமழை தொடங்கினால் மின்னலில் கருகிய சாமான்களால் என் மேசை நிறைந்துவிடும். இந்தத் தடவை கேள்விகளும் நிறைந்துவிட்டன.

தாமான் அக்கா: சுவிட்சை அடைத்துத்தான் வைத்திருந்தேன் தம்பி. எம்ப் எப்படிப் போச்சு?

அக்கா, பல சுவிட்சுகள் கரண்ட் வரும் லைவ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பும் நியூட்ரலும் மண்ணுக்குள் இறங்கும் எர்த்தும் ஒட்டியபடியேதான் இருக்கும். அடைத்த சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளியும் சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டுவது மின்னலுக்குப் பெரிய காரியமில்லை. உங்கள் எம்ப்பைத் திறந்து பார்த்தேன். கரண்ட் வாங்கும் பவர் சப்ளை நன்றாகவே இருக்கிறது, டிகோடரின் ஒயர் வந்து சேரும் எச்டிஎம்ஐ போர்டுதான் கருகியிருக்கிறது. அப்படியென்றால் மின்னல் கூரைமேல் இருக்கும் ஆஸ்ட்ரோ (சேட்டிலைட் டிவி) தட்டு வழியாக வந்து, டிகோடரைக் கடந்து எம்ப்புக்குள் நுழைந்திருக்கும். பிளக்கைக் கழற்றுங்கள், ஆஸ்ட்ரோ ஒயரையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள். வானம் இருட்டும்போதே செய்துவிடுங்கள்.

லயத்துத் தம்பி: பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கே அண்ணே?

அது உருகுவதற்குள் மின்னல் வந்து போயிருக்கும்.

இன்னொருவர்: சர்ஜ் பிளக் வாங்கலாமா?

வாங்கலாம். உள்ளே வாரிஸ்டர் என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் அதைத் திசைதிருப்பும். ஒவ்வொரு அடிக்கும் அதுவும் தேயும். பக்கத்தில் விழுந்த மின்னலுக்கு உதவும், வீட்டிலேயே விழுந்தால் உதவாது. ஆஸ்ட்ரோ ஒயர் அதன் வழியாகப் போகாமல் நேராக உள்ளே போனால் வாங்கியும் பிரயோஜனமில்லை.

கோயில் கமிட்டி: எம்ப்புக்கென்று தனியாக ஒரு செம்புக் கம்பியை மண்ணில் அடித்திருக்கிறோம். இனி பயமில்லையே?

ஐயோ, இனிதான் பயம். கட்டடத்துக்கு ஒரு எர்த், உங்கள் கம்பி இன்னொரு எர்த். மின்னலில் ஆயிரம் ஆம்பியர் மட்டும் மண்ணோடு பத்து ஓம் தடை உள்ள கம்பியில் இறங்கினாலே அங்கே பத்தாயிரம் வோல்ட் ஏறும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் பாலமாக நிற்பது யார்? உங்கள் எம்ப்!

கோயில் கமிட்டி: அந்தக் காலத்துத் தோட்ட கிராணி (குமாஸ்தா) வீட்டு ரேடியோவுக்கு அப்படித்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லையே?

அந்த ரேடியோவுக்கு ஏரியல் ஒயரும் எர்த் ஒயரும்தான் இருந்திருக்கும். உங்கள் எம்ப்பில் கட்டட எர்த்தோடு சேரும் மூன்று முனை பிளக்கும், நாலு மைக்கும், பந்தல்வரை ஓடும் ஸ்பீக்கர் ஒயரும் இருக்கின்றன.

லயத்துத் தம்பி: அப்படின்னா கம்பியைப் பிடுங்கிடலாமா?

நீ பிடுங்காதே! லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு இரண்டையும் தடித்த ஒயரால் ஒன்றாக்கச் சொல். எர்த் எத்தனை என்பது பெரிதல்ல, எல்லாம் இணைந்திருக்க வேண்டும்.

கோயில் கமிட்டி: செலவு யார் கொடுப்பது?

அதைக் கூட்டத்தில் பேசுங்கள்.

வேறொருவர்: சுவிட்சை அடைத்தால் போதாதா?

அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒரு மாணவர்: எம்ப் போட்டதும் ஸ்பீக்கர் கோன் வெளியே தள்ளி நிற்கிறது, ஒரே உறுமல்.

உடனே அடை! பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி கரண்ட் (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ஸ்பீக்கருக்குப் போகிறது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் வெந்துவிடும். மூடியைத் திறக்காதே. பிளக்கைக் கழற்றினாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும்.

மறுபடி ஒருவர்: சுவிட்சை அடைத்தால்...

போதாது.

ஒரு பாட்டி: இடி இடிக்கும்போது பேட்டரி ரேடியோவில் மின்னல் எஃப்எம் வானொலி கேட்கலாமாப்பா?

வீட்டுக்குள் உட்கார்ந்து தாராளமாகக் கேளுங்க பாட்டி. ஒயர் இல்லாத ரேடியோவுக்குள் வரும் மின்னல் அது ஒன்றுதான்.