'ரன்' என்ற சொல்லுக்கு இத்தனை பொருளா? எனக்கு அது 'ஓடு', 'ஓட்டு' வழியாகத்தான் பிடிபட்டது

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் உள்ள சொல் எது, அதையெல்லாம் மனப்பாடம் செய்தால்தான் ஆங்கிலம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில், ரன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது, வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலையில் 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அகராதி ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலச் சொல் பட்டியலை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உருப்போட்டவர்களில் நானும் ஒருவன், அந்த நேரம் வீணானதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆரம்ப காலத்தில் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு வரி: "டு நாட் ரன் தி பம்ப் டிரை." என்னுடன் வேலை பார்த்த பையன் "பம்பை உலர்ந்து ஓடாதீர்கள்" என்று எழுதியிருந்தான். நான் அதைத் திருத்துகிறேன் என்று "உலர்ந்த நிலையில் பம்பை இயக்கலாகாது" என்று எழுதினேன். இலக்கணம் சரி, ஆனால் தோட்டத்தில் நிற்கிற விவசாயிக்கு அதனால் என்ன பயன்? ஈரமாக இருந்தால் இயக்கலாமா என்றுதான் அவர் கேட்பார். கடைசியில் அங்கே இருந்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "தண்ணி இல்லாம மோட்டார ஓட விடாதீங்க, சீல் கருகிடும், அவ்வளவுதானே" என்றார். கையேட்டில் அதையே எழுத்துத் தமிழில் போட்டோம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மோட்டார் 'ஓடுகிறது' என்று நாம் எப்போதோ சொல்ல ஆரம்பித்துவிட்டோம், அதற்கு எந்த ஆங்கில அகராதியும் தேவைப்படவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். பஸ் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. ஆறு ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. கடை எப்படி ஓடுது என்று கேட்கிறோம். படம் ஓடியது என்கிறோம், 1944-இல் வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது என்று இன்றும் பேசுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ரன் போடலாம். அதாவது அந்த 645-இல் ஒரு நல்ல பங்கு நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் நமக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தமிழில் 'ஓடு' வேறு, 'ஓட்டு' வேறு. வண்டி ஓடுகிறது, நான் வண்டியை ஓட்டுகிறேன். கடை தானாக ஓடுகிறது, அவர் கஷ்டப்பட்டுக் கடையை ஓட்டுகிறார், குடும்பத்தை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ரன். "தி ஷாப் ரன்ஸ் வெல்" என்றால் ஓடு, "ஷி ரன்ஸ் எ ஷாப்" என்றால் ஓட்டு. பழைய ஆங்கிலத்தில் அவர்களுக்கும் நம்மைப்போல இரண்டு வினைகள் இருந்தன, தானாக ஓடுவதற்கு ரின்னன் அல்லது இர்னன், ஓடவைப்பதற்கு ஏர்னன். காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் ரன் என்று பார்த்ததும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இது ஓடுவதா, ஓட்டுவதா? ரன் என்ற சொல்லுக்கு அடுத்து 'எதை' என்பதற்குப் பதிலாக ஒரு சொல் வந்தால் அது பெரும்பாலும் 'ஓட்டு' பக்கம்தான். நிறுவனத்தை ரன் செய்வது, புரோகிராமை ரன் செய்வது, சோதனையை ரன் செய்வது எல்லாம் இதில் அடங்கிவிடும். தமிழில் எழுதும்போது நடத்து, இயக்கு என்று இடத்துக்கு ஏற்றபடி மாறும், ஆனால் உங்களுக்குப் பொருள் புரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரன் என்ற சொல்லின் வேரிலேயே காலால் ஓடுவதும் நீர் ஓடுவதும் சேர்ந்தே இருக்கின்றன. அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், வர்ஜீனியா, பென்சில்வேனியா போன்ற இடங்களில், சின்ன நீரோடைக்குப் பெயரே ரன்தான். நாம் ஓடு என்பதிலிருந்து ஓடை என்று வைத்திருக்கிறோமே, அதே மாதிரி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய தரைப்போர் 1861 ஜூலை 21 அன்று 'புல் ரன்' என்ற இடத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் 'புல்' என்றால் காளை, ஆனால் காளை ஓடியதற்கும் அந்தப் போருக்கும் தொடர்பு கிடையாது, அது ஓர் ஓடையின் பெயர். அதே 'புல் ரன்' பங்குச்சந்தைச் செய்தியில் வந்தால் விலைகள் தொடர்ந்து ஏறும் காலம், ஸ்பெயினின் பாம்ப்லோனாவைப் பற்றிய செய்தியில் வந்தால் நிஜமாகவே தெருவில் காளைகள் ஓடுவது.

சரி, நம் 'ஓடு' கைவிடும் இடங்களும் இருக்கின்றன. சளி பிடித்தால் ஆங்கிலத்தில் மூக்கு ரன் ஆகும், நமக்கு ஒழுகும். துவைத்தால் சாயம் ரன் ஆகும், நமக்குச் சாயம் போகும். அவர்கள் உடம்பு டெம்பரேச்சரை ரன் செய்யும், நமக்குக் காய்ச்சல் அடிக்கும். அந்த 'அடி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, போன் அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது, சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், ஒருவருக்கு லாட்டரி அடிக்கிறது. புதிதாகத் தமிழ் கற்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய மலை! நாம் யாரும் அதைப் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. வெயிலோடு சேர்த்து, காற்றோடு சேர்த்து, கேட்டுக் கேட்டு வந்தது.

தேர்தல் விஷயம் இன்னும் சுவையானது. தமிழில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள், 'ஸ்டாண்ட்' என்பார்கள். அமெரிக்காவில் அதே வேலைக்கு ரன் செய்கிறார்கள்.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'ரன்' என்றே எழுதுகின்றன, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. எனக்கு ஓட்டங்கள்தான் பிடிக்கும். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் மட்டையாளர் ஓடி முடிக்காமலே நான்கு ரன் கிடைக்கிறது, அதாவது ஓடும் செயலாக இருந்த சொல் எண்ணிக்கையின் அலகாக மாறிவிட்டது. 'வங்கி ரன்' என்பதிலும் இப்படித்தான், மக்கள் முண்டியடித்துப் பணத்தை எடுக்கப் போவது என்ற பொருள் தங்கிவிட்டது, ஓட்டம் போய்விட்டது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க முயன்றார்கள், பெரும்பாலானோர் இருந்த இடத்திலிருந்தே. மறுநாள் வங்கி மூடப்பட்டது. அதற்கும் பெயர் ரன்தான்.

மிச்சம் இருப்பது ரன்னோடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள். உண்மையில் படிக்க வேண்டியது இதை மட்டும்தான், அதிலும் பேச்சில் அடிக்கடி வருவது கொஞ்சம்தான். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது, பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. 'ரன் இன்டூ' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிடுவது, அல்லது கூட்டம் சொன்ன நேரத்தைத் தாண்டி இழுப்பது. 'ரன் அவே' ஓடிப்போவது, இது அப்படியே தமிழ். 'ரன்னிங் லேட்' என்று மேலாளர் செய்தி அனுப்பினால் அவருக்குத் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் கேட்ட வாக்கியத்தோடு, சொன்ன ஆளோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் முதல் வரி இன்றும் அந்த பம்ப் வரிதான், பக்கத்தில் மெக்கானிக் சொன்னது தமிழில்.