இல்லாத நாட்டை வரையும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகளுக்குத் தெரியாமல் எடுத்து வந்ததாகச் சொல்லி, சற்றுத் தயக்கத்தோடு நீங்கள் மேசைமீது வைத்துச் சென்ற நோட்டை நிதானமாகப் படித்தேன். தேர்வு நெருங்கும் நேரத்தில் இல்லாத ஒரு நாட்டைப் பக்கம் பக்கமாக வரைந்துகொண்டிருக்கிறாளே, இவள் எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும், அதைப் பிடுங்கி வைப்பதற்கு முன் ஒன்பதாம் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

அங்கே ஓர் ஆறு, முதலில் வரைந்தபோது, மலைத்தொடரின் குறுக்கே ஏறி இறங்கிக் கடலை அடைந்திருக்கிறது. தண்ணீர் மேடேறாது என்பது பிறகு உறைத்திருக்க வேண்டும். அதை அழித்துவிட்டு, மலையைச் சுற்றி வளைத்து ஓடவிட்டிருக்கிறாள். அழித்த தடம் தாளில் இன்னும் தெரிகிறது. ஆறு விலகியதால் வறண்டுபோன ஊரையும் இரண்டு விரற்கடை நகர்த்திப் புதிய கரையில் வைத்திருக்கிறாள். யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை என்று தெரிந்தும், தன் தவற்றைத் தானே கண்டுபிடித்து, அதனால் வரும் விளைவுகளையும் சேர்த்துத் திருத்துகிற பொறுமையை நான் சந்திக்கும் மாணவர்களிடம் அடிக்கடி காண்பதில்லை.

கற்பனை என்பது வேலையற்ற நேரத்துப் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். இந்தப் படிப்பில் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் கழித்து என் அன்றாடம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும், மனம் நொந்திருக்கும் தோழியிடம் எதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று யோசிக்கவும் அதே கற்பனைதான் வேண்டும். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சேதமடைந்து நினைவாற்றலை இழந்த சிலரிடம், ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரிக்கும்படி கேட்ட ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோரால் முழுமையான ஒரு காட்சியை மனத்தில் கட்டி எழுப்ப முடியவில்லை. துண்டு துண்டாகவே சொன்னார்கள். நடந்ததை நினைப்பதும் நடக்காததை எண்ணிப் பார்ப்பதும் அவ்வளவு நெருங்கிய வேலைகள்.

அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டெமிஸ் ஹசாபிஸ், பதினேழு வயதிலேயே கணினி விளையாட்டுகளை வடிவமைத்தவர். பின்னாளில் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குச் சென்று, புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். படம் வரையும் பிள்ளைகள் எல்லோரும் நோபல் பெறுவார்கள் என்று சொல்ல வரவில்லை. விளையாட்டில் தொடங்கிய ஈடுபாடு எந்தத் துறையில் போய்ச் சேரும் என்பதை இளம் வயதிலேயே யாராலும் முடிவுகட்ட முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

உங்கள் அச்சத்தில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வெற்றி பெற்றுவிட்டதாகவே கனவு கண்டு மகிழ்கிறவர்களிடம் அதற்கான முயற்சி குறைவதை உளவியலாளர் கேப்ரியேல் ஒட்டிங்கன் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். விரும்பியதை எண்ணிப் பார்த்த கையோடு, குறுக்கே நிற்கும் தடையையும் எண்ணிப் பார்ப்பதே அவர் சொல்லும் வழி. உங்கள் மகள் தன் நாட்டுக்குள் மலையைக் குறுக்கே நிறுத்தி, அதற்கேற்ப ஆற்றைத் திருப்பத் தெரிந்தவள். அதையே தன் படிப்புக்கும் செய்து பார்க்கும்படி அவளிடம் கேட்கலாம். தூக்கம் கெட்டு, தோழிகளை விட்டு விலகி, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் அவள் தவித்தால் மட்டும் தாமதிக்காமல் ஓர் உளவியலாளரைப் பாருங்கள். நீங்கள் சொன்னவற்றில் அப்படி எதுவும் இல்லை.

நகரமைப்பு, கட்டடக்கலை, புவியியல், விளையாட்டு வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றும் துறைகள் பல உண்டு என்றாலும், அவளைப் பார்க்காமல் எதையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நோட்டை எடுத்து வந்ததை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள், அம்மா; கோபித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்த ஊரை ஏன் நகர்த்தினாள் என்று கேளுங்கள். அவள் சம்மதித்தால், அடுத்த முறை நோட்டை அவளே கொண்டு வரட்டும்.