புறாவுக்குத் தீனி வைத்தானா?

மே மாதம் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் ‘எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறான்’ என்ற வரி இல்லாத கடிதம் அபூர்வம். இந்த முறை மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் பெயரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் முடித்திருக்கிறான். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். லீவு விட்ட நாளிலிருந்து ராத்திரி மூன்று மணி வரை போன் பார்க்கிறான்; பகல் பன்னிரண்டுக்குத்தான் எழுந்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். இது சோம்பேறித்தனமா, மனசு சம்பந்தப்பட்டதா? போனைப் பிடுங்கி வைக்கலாமா?
– ஒரு அம்மா, துறையூர்

பதில்: அவன் எங்கே படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லையே. மாடி அறையா? நம் வீடுகளில் வளர்ந்த பையனுக்கென்று ஒதுக்குவது பெரும்பாலும் மொட்டை மாடியை ஒட்டிய அறையைத்தான். அக்னி நட்சத்திர வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தளம் நள்ளிரவு தாண்டியும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் அந்த அனலையே சுற்றிவிடும். பத்து மணிக்கு அங்கே படுத்தால் உங்களுக்கும் எனக்கும்கூடத் தூக்கம் வராது. முதலில் கீழே கூடத்தில் பாய் போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது வயது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின், பருவ வயதில் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அதனால் ராத்திரி சீக்கிரம் கண் சொருகாது. ஆனால் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி நாட்களில் காலை பஸ் அவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போனது. இப்போது பஸ்ஸும் இல்லை, மணியும் இல்லை, பக்கத்து பெஞ்சில் வம்பிழுக்கக் கூட்டாளியும் இல்லை. பன்னிரண்டு மணிவரை தூங்குவதில் பாதிக்குக் காரணம் இவ்வளவுதான்.

மீதிப் பாதியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறான் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். முன்பு ஆசையாகச் செய்துகொண்டிருந்ததில் எதை விட்டுவிட்டான் என்று பாருங்கள்.

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஆலோசகராக இருந்தபோது, இதேபோல் ஒரு மே மாதம், ஒருவர் மகனைக் கூட்டி வந்தார். ஓ.பி. சீட்டைப் பீடி மாதிரி சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போனைத் திட்டினார். பையன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகும்போது அப்பா சொன்னார்: “இவன் வளர்க்கிற புறாவுக்குக்கூட இப்ப நான்தான் மேடம் கம்பு போடறேன்.”

மறுபடியும் உட்காரச் சொன்னேன். பன்னிரண்டு ஜோடிப் புறா. பழைய பிளைவுட்டை அறுத்து, கூண்டை அவனே அடித்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மூன்று வாரமாக மாடிக்கே ஏறவில்லை. மனச்சோர்வு முதலில் வந்திருந்தது. போன் அப்புறம்தான் வந்தது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் புறாவைத்தான் தேடுவேன். உங்கள் மகனுக்கு அது கிரிக்கெட்டாக இருக்கலாம், பைக் துடைப்பதாக இருக்கலாம், நாய்க்குட்டியாக இருக்கலாம்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். பெரியவர்கள் ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். எரிச்சல், பிடித்ததில் ஈடுபாடின்மை, சாப்பாடு குறைவது, குளிக்காமல் கிடப்பது, காரணம் புரியாத தலைவலி, வயிற்றுவலி இவற்றில் சில சேர்ந்து இரண்டு வாரம் விடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்ப முடியவில்லை என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

போனைப் பிடுங்குவதா? நான் பிடுங்கிப் பார்த்தவள். என் மகன் பத்தாவது முடித்த லீவில் சார்ஜரை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் ‘ம்’, ‘ம்ஹூம்’ தவிர ஒரு வார்த்தை இல்லை. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்பவள் வீட்டுக் கதை இது! பேச்சு திரும்பி வந்தது ஸ்கூட்டரில். அவன் ஓட்ட, நான் பின்னால். பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது பற்றி ஆரம்பித்து, கணக்கு வாத்தியாரிடம் அவன் அடி வாங்கியது வரை வந்துவிட்டது. முகத்துக்கு முகம் உட்காரவைத்துக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் வாய் திறக்காது. கூட நடக்கும்போதும் நுங்கு நோண்டும்போதும் தானாக வரும்.

எழுப்புவதையும் ஒரேயடியாக ஆறு மணிக்கு மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னதாக எழுப்பி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எழுந்ததும் பால் வாங்கவோ கறிவேப்பிலை வாங்கவோ தெருவுக்கு அனுப்புங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கமும் மெல்ல முன்னால் நகரும்.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் 600-க்கு 431. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நாங்கள் திட்டவில்லை. ஆனால், “நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். தன் வளையல்களைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். இதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு அப்பா, கும்பகோணம் பக்கம்

பதில்: வராது. உங்களுக்குத் தபாலிலும் இதையே எழுதிவிட்டேன்; மற்றவர்களுக்காக இங்கேயும். இன்றைக்கே கேளுங்கள், சுற்றி வளைக்காமல்: “செத்துடலாம்னு தோணுதாம்மா?” கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. பல பிள்ளைகள் அப்பாடா என்று அழுதுவிடுவார்கள். ‘ஆமாம்’ என்றால் திட்டாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள், “எங்களை நினைச்சுப் பாத்தியா” என்று நீங்கள் அழ ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவளைத் தனியாக விடவேண்டாம். விவசாய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரியாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். நிலைமை கையை மீறினால் நேராக அவசரப் பிரிவுதான்.

மார்க் கேட்டு வரும் போன்களை நீங்கள் எடுங்கள், அவளிடம் கொடுக்காதீர்கள். பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள்தான் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பத்தாவது எழுதிவிட்டேன். நாங்கள் ஐந்து பேர் ஒரு குரூப். நான் மட்டும் வேறு ஸ்கூலுக்குப் போகிறேன். என்னை விட்டுவிட்டுப் புது வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் அழுகையாக வருகிறது. அம்மா, “இதுக்கெல்லாமா அழுவாங்க” என்கிறார்.
– ஒரு மாணவி

பதில்: அழுவாங்க கண்ணு. என் காலத்தில் இன்லேண்ட் லெட்டர். நான் எழுதிய மூன்றுக்கும் பதில் வராமல், லீவு முழுக்கத் தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான்கு பேரையும் ஒன்றாகத் திரும்பப் பிடிக்கப் பார்க்காதே. யாருடன் டிபன் பாக்ஸைப் பங்குபோட்டாயோ அந்த ஒருத்தியை மட்டும் கூப்பிடு. மெசேஜ் வேண்டாம், போனே போடு. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்காதே. உனக்கு எடுத்திருக்கும் புது யூனிஃபார்ம் கலர் எவ்வளவு அசிங்கம் என்று சொல்லு. மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிடு. அந்நேரம் அவள் வீட்டிலும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.