முதலில் நோயாளியின் ரிப்போர்ட்: நரம்பு நோய்களும் மரபணுவும் – வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பரம்பரை பற்றியவை. "வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது, எனக்கும் வருமா?" என்பதே எல்லோருடைய கேள்வியும். நான் நரம்பியல் படித்த காலத்தில் இப்படி வருகிறவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லி அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போது சில நோய்களுக்கு மருந்தே இருக்கிறது. அந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது மரபணுவில் உள்ள பிழையின் சரியான விவரம்தான். அதனால் நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அக்காவின் முதல் குழந்தை எட்டு மாதத்தில் இறந்துவிட்டது. எஸ்.எம்.ஏ. டைப் 1 என்றார்கள். நான் என் தாய்மாமன் மகனைத் திருமணம் செய்திருக்கிறேன். எனக்கு இப்போது மூன்றாம் மாதம். என் குழந்தைக்கும் வருமா டாக்டர்?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

உங்கள் கடிதம் இதழ் அச்சாகும் வரை காத்திருக்க முடியாது அம்மா. அதனால் ஆசிரியர் குழு மூலம் உங்களிடம் போனில் பேசிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

போனில் நான் முதலில் கேட்டது அக்கா குழந்தையின் மரபணு ரிப்போர்ட். அது பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் பாதிக் கவலை குறைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் முதுகுத்தண்டில் இருக்கின்றன. எஸ்.எம்.ஏ.வில் அவை மடிந்துகொண்டே வரும். 5ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இல்லாமல் போவதே காரணம். பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு 1995இல் இதைக் கண்டுபிடித்தது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும். அப்படிப்பட்டவரைத்தான் கேரியர் என்கிறோம். சுமார் 40 முதல் 50 பேரில் ஒருவர் கேரியர். அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. கணவன், மனைவி இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு.

அக்கா குழந்தைக்கு இந்த நோய் இருந்ததால் அக்கா கேரியர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. பிழை உங்கள் அம்மா வழியில் வந்திருந்தால் அது உங்கள் மாமாவுக்கும், அவரிடமிருந்து உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். அந்நியத்தில் கட்டியிருந்தால் இந்த இரண்டாவது வழி இருந்திருக்காது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணவருக்கும் கட்டாயம் சோதனை வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

நூற்றுக்குச் சுமார் 95 நோயாளிகளிடம் இந்த மரபணுவின் 7ஆம் துண்டு இரண்டு பிரதிகளிலும் முழுதாக அழிந்திருக்கும். அதை எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எண்ணிச் சொல்லிவிடும். மீதிப் பேரிடம் ஒரு பிரதியில் ஓர் எழுத்துப் பிழைதான் இருக்கும், அது இந்த எண்ணிக்கையில் பிடிபடாது. அக்கா குழந்தை எந்த வகை என்று தெரியாமல் உங்கள் ரத்தத்தை மட்டும் பார்த்து "நார்மல்" என்று சொல்வது அரைகுறை உறுதிதான். பரம்பரை நரம்பு நோய்கள் அனைத்துக்கும் நான் சொல்வது இதுவே: முதலில் நோய் வந்தவரின் ரிப்போர்ட், பிறகுதான் மற்றவர்களின் ரத்தம்.

உங்கள் விஷயத்தில் நாள் குறைவு. கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுங்கள். இருவரும் கேரியர் என்று வந்தால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ குழந்தையைச் சோதிக்கலாம். முடிவு உங்கள் இருவருடையது. மாமியார், நாத்தனார், டாக்டர் யாருக்கும் அதில் ஓட்டு கிடையாது.

ஒருவேளை குழந்தைக்கு இருக்கிறது என்று வந்தால்? உங்கள் அக்காவுக்குக் கிடைக்காத வழிகள் இப்போது இருக்கின்றன. இதைக் கொஞ்சம் ஆசையோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குழந்தைகளை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்ற காலமும் எனக்குத் தெரியும்.

நம்மில் பெரும்பாலோரிடம், எஸ்.எம்.ஏ. உள்ள குழந்தைகளிடமும், எஸ்.எம்.என்.2 என்று ஒரு மாற்று மரபணு இருக்கிறது. அநேகமாக அதே மரபணுதான், ஆனால் ஓர் எழுத்து வேறுபாட்டால் செல் அதைப் படிக்கும்போது 7ஆம் துண்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால் நல்ல புரதம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஏட்ரியன் கிரைனர், "அந்தத் துண்டை விடாமல் படிக்க வைத்தால் என்ன?" என்று யோசித்தார். அதிலிருந்து வந்த நுசினர்சென் மருந்துக்கு 2016 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் மருந்து அது, நான்கு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். 2019 மே மாதம் வந்தது நீங்கள் செய்திகளில் பார்த்த "16 கோடி ரூபாய் ஊசி". தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் நல்ல மரபணுவை ஏற்றி ஒரே முறை செலுத்துவார்கள். 2020இல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்ளாம் வந்தது.

இந்த மருந்துகளைவிட முக்கியமானது அவற்றைத் தொடங்கும் நேரம். இறந்த நரம்பு செல் திரும்பாது. அறிகுறி தெரியும் முன்பே 25 குழந்தைகளுக்கு நுசினர்சென் தொடங்கிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள், யாருக்கும் நிரந்தர வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, பெரும்பாலோர் தாமாக நடந்தார்கள். இதில் இன்னும் ஒரு படி மேலே போய், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கே ரிஸ்டிப்ளாம் கொடுத்து, பிறந்த குழந்தையிடம் நோயின் அறிகுறி தெரியவில்லை என்று அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஒரே ஒரு குழந்தைதான், அதை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் அந்தக் கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன்.

விலைதான் நம் ஊரில் பெரிய சுவர். அதிலும் ஒரு நல்ல செய்தி: ரிஸ்டிப்ளாமின் இந்தியத் தயாரிப்பை நீதிமன்ற வழக்குக்குப் பிறகு நாட்கோ நிறுவனம் 2025 அக்டோபரில் ஒரு பாட்டில் 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. முன்பு ஒரு பாட்டில் 6 லட்சத்துக்கும் மேல். அரிய நோய்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 50 லட்சம் வரை உதவி உண்டு, அதற்கென்று அறிவிக்கப்பட்ட மருத்துவமனையில் பதிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு 48 வயது. ஐந்து வருடமாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம். 30,000 ரூபாய் கட்டி மரபணுப் பரிசோதனை செய்தோம், "எதுவும் இல்லை" என்று வந்துவிட்டது. அப்படியென்றால் இது பரம்பரை இல்லையா? எனக்கு 27 வயது, பெண் பார்க்கிறார்கள். நானும் சோதித்துக்கொள்ளட்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

தம்பி, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அது எக்ஸோம் பரிசோதனை. நல்ல பரிசோதனைதான், ஆனால் அப்பாவுக்குத் தேவைப்பட்ட கேள்வியை அது கேட்கவே இல்லை.

இரண்டு தலைமுறையில் தள்ளாட்டமும் குழறலும் வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது எஸ்.சி.ஏ. என்ற சிறுமூளை நோய்க் குடும்பத்தை. இதில் பல வகைகளில் நடப்பது ஒன்றுதான். சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் மரபணுவில் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் நோய். எக்ஸோம் பரிசோதனை மரபணுவைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டிப் படிக்கிறது. ஒரே சொல்லை நூறு முறை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மொத்தம் எத்தனை முறை எழுதியிருந்தது என்று சொல்லச் சொன்னால் எப்படி? அதே சங்கடம்தான். எஸ்.சி.ஏ. 1, 2, 3, 6, 7, 12 ஆகியவற்றுக்கு எண்ணிக்கைப் பரிசோதனை தனியாக உண்டு. அதைக் கேளுங்கள். செலவும் எக்ஸோமைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்த நோய் நம் பக்கம் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே எஸ்.சி.ஏ. 1 அதிகம் இருப்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த மரபணுவை 1993இல் கண்டுபிடித்தவர்கள் ஹாரி ஆர், ஹுடா ஜோக்பி ஆகிய இருவர். பட்டியல் இன்றும் முடியவில்லை. முதுமையில் தொடங்கும் தள்ளாட்டம் பலருக்கு எஃப்.ஜி.எஃப். 14 என்ற மரபணுவில் உள்ள நீட்சியால் வருகிறது என்பது 2022 கடைசியில்தான் தெரிந்தது. நீளமான துணுக்குகளாகப் படிக்கும் புதுக் கருவிகள் வந்திருப்பதால் இப்படிப்பட்ட நீட்சிகள் இனி நிறையக் கிடைக்கும். எனவே இன்று "எதுவும் இல்லை" என்று வந்த ரிப்போர்ட்டை இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை, தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் சோதித்துக்கொள்வது. அப்பாவின் வகை தெரிந்த பிறகுதான் உங்கள் ரத்தத்துக்கு அர்த்தம் உண்டு. தெரிந்த பிறகும் அவசரம் வேண்டாம் என்பேன்.

இதே போல சி.ஏ.ஜி. எண்ணிக்கை கூடுவதால் வரும் ஹன்டிங்டன் என்ற மூளை நோயின் கதை உங்களுக்கு உதவும். வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1955இலேயே அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற உள்ளூர் மருத்துவர் அதை எழுதியிருக்கிறார். நான்சி வெக்ஸ்லர் என்ற உளவியலாளரின் அம்மா 1978இல் ஹன்டிங்டனால் இறந்தார். அடுத்த வருடமே நான்சி அந்தக் கிராமங்களுக்குப் போய், பிறகு ஆண்டுதோறும் குழுவோடு சென்று, ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தையும் குடும்ப வரைபடத்தையும் சேர்த்தார். அந்தத் தேடலில் 1983இல் ஜேம்ஸ் குசெல்லா 4ஆம் குரோமோசோமில் அடையாளத்தைப் பிடித்தார். 1993இல் மரபணு கிடைத்தது. சி.ஏ.ஜி. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வரும் என்று கணக்காகச் சொல்ல முடிந்தது. அந்தப் பரிசோதனை பிறக்கக் காரணமான நான்சிக்கே ஐம்பது சதவீத ஆபத்து இருந்தது. தான் சோதித்துக்கொண்டாரா என்பதை அவர் வெளியே பேசவில்லை. 2020இல்தான் தனக்கு நோய் வந்துவிட்டதைச் சொன்னார். ஆபத்தில் இருக்கும் பெரும்பாலோர் இன்றுவரை சோதித்துக்கொள்ளவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒருவரின் உரிமை. அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த முடிவின் எடை மெல்ல மாறிவருகிறது. ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோலின் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய திறப்பாகப் பட்டது. பிறக்கும்போது 40 சொச்சமாக இருக்கும் அந்த எண்ணிக்கை, மூளையின் சில செல்களில் மட்டும் வருடக்கணக்கில் மெதுவாக வளர்கிறது, 80ஐத் தாண்டியதும் வேகம் பிடிக்கிறது. 150ஐத் தாண்டிய பிறகுதான் அந்த செல் கெடுகிறது. அதாவது பிறவியிலேயே இருக்கும் பிழை பல பத்தாண்டுகள் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. வளர்வதை நிறுத்த முடிந்தால் நோயைத் தள்ளிப்போடலாம். வளரவிடுவது எம்.எஸ்.எச். 3 போன்ற மரபணுக்கள். அவற்றின் வேலை டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பது. இப்போது பல ஆய்வகங்கள் எம்.எஸ்.எச். 3ஐக் குறிவைத்து மருந்து தேடுகின்றன. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் எஸ்.சி.ஏ. நோய்கள் தொடங்கும் வயதையும் மாற்றுகின்றன என்பது 2016இலேயே தெரியும். மருந்து இன்னும் கைக்கு வரவில்லை, யாராவது ஊசி இருக்கிறது என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கல்யாண விஷயம். தரகருக்காகவோ பெண் வீட்டாருக்காகவோ சோதனை செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய் முடிவை வாங்குங்கள். ஆனால் பேசி முடிக்கும் முன் அந்தப் பெண்ணிடம் அப்பாவின் நோயைச் சொல்லிவிடுங்கள். உங்கள் முடிவு என்னவாக இருந்தாலும், குழந்தை பெறும் நேரத்தில் கருவைச் சோதிக்கும் வழிகள் இருக்கின்றன.

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா. எனக்கு வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை ஆன்லைனில் இருக்கிறதே, செய்யலாமா?
– வாசகி, கோவை

வேண்டாம் அம்மா. 2022இல் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் மரபணுத் தொகுப்பில் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும் தனி ஒருவருக்கு வருமா வராதா என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் நமக்கு அந்த மதிப்பெண் இன்னும் தப்பாகப் போகும். ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்திருக்கிறது, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தும் விட்டார்கள். இந்தக் குறையைச் சரிசெய்ய அதுதான் தொடக்கம். இப்போதைக்கு அந்தப் பணத்தைத் தம்பியின் மாத்திரைக்கு வையுங்கள். உங்களுக்குத் தூக்கம் கெட்டால், பயம் அதிகமானால் மருத்துவரை நேரில் பாருங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, அல்சைமர். ஏபோஈ பரிசோதனை எங்களுக்குத் தேவையா?
– வாசகர், சென்னை

பிள்ளைகளான உங்களுக்குத் தேவையில்லை. ஏபோஈ மரபணுவின் இ4 என்ற வகை அல்சைமர் ஆபத்தைக் கூட்டுமே தவிர, அது இருந்தும் நோய் வராதவர்கள் நிறைய, இல்லாமல் வந்தவர்களும் நிறைய.

அம்மாவுக்கு ஒரு சூழ்நிலையில் மட்டும் தேவை. நோயின் ஆரம்பக் கட்டத்தில் கொடுக்கும் லெகனெமாப் என்ற மருந்தை யாராவது பரிந்துரைத்தால், தொடங்கும் முன் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். இ4 இரண்டு பிரதிகள் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அந்த மருந்தால் மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. இ4 இல்லாதவர்களில் அது சுமார் இருபதில் ஒருவருக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் அனுமதி கொடுத்தபோது இரண்டு பிரதிகள் உள்ளவர்களை விலக்கியே கொடுத்தது.